பழைய ஸ்னோமொபைலின் கார்புரேட்டரைச் சீர்செய்தல்: முழுமையான வழிகாட்டி

கார்புரேட்டருக்குள் பெட்ரோலை அளந்து விடும் பித்தளை ஜெட்டில் இட்ட துளை தானாகப் பெரிதாவதும் இல்லை, சிறிதாவதும் இல்லை. சென்ற பனிக்காலத்தில் நன்றாக ஓடிய ஸ்னோமொபைல் இந்தப் பனிக்காலத்தில் திணறுகிறது என்றால், எங்கோ அழுக்கு அடைத்திருக்கிறது, எங்கோ காற்று கசிகிறது, அல்லது பெட்ரோல் வரவு குறைந்திருக்கிறது என்றுதான் முதலில் எண்ண வேண்டும். அதை விட்டுவிட்டு ‘செட்டிங் கலைந்துவிட்டது’ என்று திருகுகளைத் திருகத் தொடங்கினால், உண்மையான பழுது அப்படியே இருக்க, அதன்மேல் நாமே இன்னொரு பழுதை ஏற்றிவைத்ததாகிவிடும். எனவே இந்த வழிகாட்டியில் டியூனிங் பிற்பகுதியில்தான் வருகிறது. அதற்கு முன் செய்ய வேண்டிய வேலைகளைச் செவ்வனே செய்தாலே பெரும்பாலான வண்டிகள் சரியாகிவிடும்.

இங்கே சொல்லப்படுவது இரண்டு சிலிண்டர் டூ ஸ்ட்ரோக் எஞ்சினும், சிலிண்டருக்கு ஒன்றாக மிகுனி என்ற ஜப்பானிய நிறுவனத்தின் வி.எம். வகைக் கார்புரேட்டரும் கொண்ட வண்டிகளைப் பற்றியது. வி.எம். 34 என்றால் காற்றுப்பாதையின் விட்டம் 34 மி.மீ. என்று பொருள். 1960களின் வண்டிகளில் டில்லட்சன் போன்ற, மிதவைத் தொட்டி (கார்புரேட்டரின் அடியில் பெட்ரோலைத் தேக்கி வைக்கும் கிண்ணம்) இல்லாத, டயாஃப்ரம் என்னும் மெல்லிய சவ்வால் இயங்கும் வகைக் கார்புரேட்டர்கள் இருந்தன. அவற்றில் தாழ்வேகத்துக்கு ஒன்றும் உயர்வேகத்துக்கு ஒன்றுமாக இரண்டு ஊசித் திருகுகள் இருக்கும். அவற்றைச் சீர்செய்யும் முறை வேறு.

ஒரு எச்சரிக்கையை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். டூ ஸ்ட்ரோக் எஞ்சினில் எரிபொருளின் அளவு குளிர்ச்சியோடும் மசகோடும் தொடர்புடையது. பெட்ரோல் குறைந்து காற்று மிகுந்த கலவையை மெக்கானிக்குகள் ‘லீன்’ என்பார்கள், பெட்ரோல் மிகுந்ததை ‘ரிச்’ என்பார்கள். ரிச்சாக ஓடினால் புகையும், பிளக் கறுக்கும், பெட்ரோல் வீணாகும், அவ்வளவுதான். லீனாக முழு வேகத்தில் ஓடினால் பிஸ்டன் சூடேறி விரிந்து சிலிண்டரைக் கடித்துக்கொண்டு எஞ்சின் சீஸ் ஆகிவிடும், அல்லது பிஸ்டன் தலை உருகி ஓட்டை விழும். ஆகவே எந்தச் சோதனையையும் ரிச் பக்கமிருந்து தொடங்கி, சிறிது சிறிதாகக் குறைத்துக்கொண்டு வர வேண்டும்.

எந்தப் பகுதி எப்போது வேலை செய்கிறது

கார்புரேட்டரை ஒரே பொருளாகப் பார்க்காமல், த்ராட்டில் திறப்புக்கு ஏற்ப ஒன்றன்பின் ஒன்றாகப் பொறுப்பேற்கும் நான்கு பகுதிகளாகப் பார்த்தால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். த்ராட்டில் மூடிய நிலையிலிருந்து ஏறத்தாழ கால் திறப்பு வரை பைலட் ஜெட் என்னும் சிறு ஜெட்டும், அதனோடு சேரும் காற்றைக் கட்டுப்படுத்தும் ஏர் ஸ்க்ரூவும் கலவையைத் தீர்மானிக்கின்றன. எட்டில் ஒரு பங்கு திறப்பிலிருந்து பாதி வரை, ஸ்லைடின் (த்ராட்டிலை அழுத்தினால் மேலே எழுந்து காற்றுப்பாதையைத் திறக்கும் பாகம்) அடியில் காற்று வரும் பக்கம் வெட்டப்பட்டிருக்கும் சாய்வின் உயரம் முக்கியமாகிறது. அந்த உயரத்தைக் குறிக்கும் எண் பெரிதானால் கலவை லீனாகும். கால் திறப்பிலிருந்து முக்கால் வரை, ஸ்லைடில் தொங்கும் ஊசியான நீடிலும், அது ஏறி இறங்கும் நீடில் ஜெட்டும் ஆட்சி செய்கின்றன. முக்கால் முதல் முழுத் திறப்பு வரை மெயின் ஜெட். எல்லைகள் கத்தியால் வெட்டியதுபோல் இருப்பதில்லை. ஒன்றின் செல்வாக்கு தேயும்போதே அடுத்தது தொடங்கிவிடும்.

இதிலிருந்து கிடைக்கும் பெரிய பயன், பழுது எந்தத் திறப்பில் வருகிறது என்று தெரிந்தால் எந்தப் பகுதியைப் பார்க்க வேண்டும் என்பதும் தெரிந்துவிடும் என்பதே. இங்கே திறப்புதான் கணக்கு, எஞ்சினின் சுற்று எண்ணிக்கை அன்று. கைப்பிடியில் த்ராட்டில் நெம்புகோலுக்கு அருகே காகித டேப் ஒட்டி மூடிய நிலை, கால், அரை, முக்கால், முழுமை ஆகியவற்றைக் கோடிட்டுக்கொள்ளுங்கள். ‘நடு வேகத்தில் திணறுகிறது’ என்ற மங்கலான புகார் ‘மூன்றில் ஒரு பங்கு திறப்பில் திணறுகிறது’ என்று தெளிவாகிவிடும்.

சோக் என்று எல்லோரும் அழைக்கும் பாகம், இந்தக் கார்புரேட்டரில் காற்றை அடைக்கும் தகடு கிடையாது. தனிப் பாதை வழியாகக் கூடுதல் பெட்ரோலைத் தரும் சிறு பிளஞ்சர் அது. த்ராட்டில் மூடியிருந்தால்தான் அந்தப் பாதையில் போதிய உறிஞ்சல் உண்டாகும். குளிரில் வண்டி கிளம்பாதபோது கயிற்றை இழுத்துக்கொண்டே த்ராட்டிலையும் அழுத்துபவர்கள், தாம் இழுத்த சோக்கைத் தாமே பயனற்றதாக்கிவிடுகிறார்கள்.

கார்புரேட்டரைத் தொடும் முன்

முதலில் கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் எழும் அழுத்தம்) பாருங்கள். இரண்டு சிலிண்டர்களுக்கும் இடையே 10 சதவீதத்துக்கு மேல் வேறுபாடு இருந்தால் பழுது எஞ்சினுக்குள் இருக்கிறது. எந்த ஜெட்டும் அதைத் தீர்க்காது. அடுத்து, கையேடு சொல்லும் எண்ணுள்ள புதிய ஸ்பார்க் பிளக்குகளைப் போடுங்கள். ஒரு சிலிண்டர் மட்டும் சரியாக எரியவில்லை என்றால் இரண்டு பிளக்குகளையும் இடம் மாற்றிப் போட்டுப் பாருங்கள். பழுது பிளக்கோடு சேர்ந்து மறுபக்கம் போனால் பிளக்கில் கோளாறு. இருந்த இடத்திலேயே இருந்தால் அந்தப் பக்கத்துக் கார்புரேட்டரையோ காற்றுக் கசிவையோ மின் இணைப்பையோ சந்தேகிக்க வேண்டும்.

பழைய பெட்ரோலை முழுவதும் வடித்துவிட்டுப் புதியதை ஊற்றுங்கள். பிறகு எரிபொருள் குழாய்களை முனைகளில் வளைத்துப் பாருங்கள். இறுகிப்போன குழாய் வெளியே பெட்ரோலைச் சிந்தாமலேயே உள்ளே காற்றை உறிஞ்சும். எரிபொருள் பம்ப், கிராங்க் அறையில் மாறிமாறி எழும் அழுத்தத்தால் இயங்கும் டயாஃப்ரம் பம்ப். எஞ்சினிலிருந்து அதற்குச் செல்லும் பல்ஸ் குழாயைக் கழற்றி, அதில் பெட்ரோல் தேங்கியிருக்கிறதா என்று பாருங்கள். தேங்கியிருந்தால் டயாஃப்ரம் கிழிந்துவிட்டது. டேங்கின் காற்றுத் துளை அடைத்திருக்கிறதா என்பதை அறிய, வண்டி திணறும்போது டேங்க் மூடியைச் சற்றுத் தளர்த்திப் பாருங்கள். உடனே சீரானால் விடை கிடைத்துவிட்டது.

நான் மிகுந்த கவனத்தோடு பார்க்கும் பாகம், கார்புரேட்டருக்கும் எஞ்சினுக்கும் நடுவே இருக்கும் ரப்பர் இணைப்பு. பொருத்திய நிலையில் அது புதிதுபோலவே தோன்றும். கழற்றி, இரு கைவிரல்களாலும் வெளிநோக்கி வளைக்கும்போதுதான், உலோகத் தகடோடு ரப்பர் ஒட்டியிருக்கும் மடிப்பில் மயிரிழை போன்ற வெடிப்பு வாய் திறக்கும். எஞ்சின் அதிரும்போது அந்த வெடிப்பு வழியே நுழையும் காற்றுக்கு எந்த ஜெட்டும் கணக்கு வைத்திருப்பதில்லை. ஐட்லிங்கில் சுற்று ஏறியபடி நின்று மெல்ல மெல்லக் கீழே இறங்குவது இதன் அடையாளம். ரப்பர் நன்றாக இருந்தும் அந்த அடையாளம் தொடர்ந்தால் கிராங்க் சீல்களை (கிராங்க் தண்டின் முனைகளில் காற்று புகாமல் தடுக்கும் வளையங்களை) சந்தேகிக்க வேண்டும். உள்வழியையும் புகைவழியையும் அடைத்துவிட்டு, சுமார் 6 பி.எஸ்.ஐ. காற்றழுத்தம் கொடுத்து அது தங்குகிறதா என்று பார்ப்பதே நம்பத்தக்க சோதனை.

கழற்றுதலும் கழுவுதலும்

எஞ்சின் ஆறிய பிறகு, காற்றோட்டமுள்ள இடத்தில், தீப்பொறிக்கு வழியே இல்லாமல் வேலையைத் தொடங்குங்கள். மிகுனியின் திருகுகள் ஜப்பானியத் தரத்தில் செய்யப்பட்டவை. சாதாரண நட்சத்திர ஸ்க்ரூ டிரைவரை அழுத்தினால் அது வழுக்கித் தலையைச் சிதைத்துவிடும். அந்தத் தரத்துக்கு உரிய ஸ்க்ரூ டிரைவர் ஒன்று வாங்கி வைப்பது, பின்னால் உடைந்த திருகைத் துளைத்தெடுக்கும் பாட்டை மிச்சப்படுத்தும்.

ஏர் ஸ்க்ரூவைக் கழற்றும் முன், மெதுவாக உள்ளே திருகி அது தொட்டு நிற்கும் வரை எத்தனை சுற்று என்று எண்ணிக் குறித்துக்கொள்ளுங்கள். தொட்டதும் நிறுத்த வேண்டும். இறுக்கினால் கூர்முனையும் அது அமரும் இடமும் கெட்டுவிடும். மெயின் ஜெட், பைலட் ஜெட் ஆகியவற்றில் பொறித்துள்ள எண்களையும், நீடிலின் ஐந்து பள்ளங்களில் கிளிப் எதில் இருக்கிறது என்பதையும், இடது வலது என்று தனித்தனியே எழுதி வையுங்கள். முந்தைய உரிமையாளர் இரண்டு பக்கத்திலும் வெவ்வேறு ஜெட் போட்டிருந்தது இந்தக் கட்டத்தில்தான் பல வண்டிகளில் வெளிப்படும். சில எஞ்சின்களில் தொழிற்சாலையே அப்படி அமைப்பதும் உண்டு என்பதால், கையேட்டைப் பார்க்காமல் ஒரே எண்ணாக்கிவிடக் கூடாது.

பைலட் ஜெட்டைக் கையில் எடுத்து வெளிச்சத்துக்கு எதிரே பிடியுங்கள். துளையில் ஒளி வட்டமாக, கூரான விளிம்போடு தெரிய வேண்டும். ஓரம் மங்கியோ பிறை வடிவிலோ தெரிந்தால், ஆவியான பெட்ரோல் விட்டுச்சென்ற பழுப்புப் பிசின் உள்ளே படிந்திருக்கிறது. ‘ஒளி தெரிகிறதே, போதும்’ என்று பலர் திரும்ப மாட்டிவிடுவார்கள். அதன் பக்கவாட்டில் வரிசையாக உள்ள நுண்துளைகளும் திறந்திருக்க வேண்டும். கார்புரேட்டர் கழுவும் திரவத்தில் ஊறவைத்து, காற்றழுத்தத்தால் ஊதி, மீண்டும் வெளிச்சத்தில் பாருங்கள். துளையிடும் பிட்டையோ எஃகுக் கம்பியையோ நுழைத்துக் குடைந்தால் துளை அகன்று, எண் ஒன்றும் அளவு வேறொன்றுமாக ஆகிவிடும். ரப்பர் வளையங்களையும் மிதவைகளையும் அந்தத் திரவத்தில் போடாதீர்கள். ஜெட்டுகளைப் போலவே, கார்புரேட்டர் உடலுக்குள் ஓடும் பாதைகள் ஒவ்வொன்றிலும் காற்றை ஊதி, மறுமுனையில் விரலில் படுகிறதா என்று உறுதி செய்ய வேண்டும்.

திரும்பப் பூட்டும்போது மெயின் ஜெட்டோடு இருந்த வளையத்தை மறக்காதீர்கள். ஸ்லைடின் சாய்வு வெட்டு எஞ்சினை நோக்காமல், காற்று வரும் பக்கத்தை நோக்கியே இருக்க வேண்டும்.

மிதவை உயரத்தையும் இப்போதே சரிபார்க்கலாம். பல வி.எம். மாதிரிகளில் மிதவைகள் தொட்டிக்குள் தனியாக இருக்கும்; அவை தூக்கும் நெம்புகோல் மேலே இருக்கும். கேஸ்கட்டை எடுத்துவிட்டு, கார்புரேட்டரைத் தலைகீழாக வைத்தால், அந்த நெம்புகோல் தொட்டி அமரும் பரப்புக்கு இணையாக நிற்க வேண்டும். சரியான அளவு கையேட்டில் இருக்கும். ஊசி வால்வைத் தொடும் சிறு நாக்கை மட்டும் நுட்பமாக வளைத்துத் திருத்துங்கள். மிதவையைக் காதருகே வைத்துக் குலுக்குங்கள். உள்ளே பெட்ரோல் தளும்பும் ஒலி கேட்டால் அதை மாற்ற வேண்டும்.

இரண்டு கார்புரேட்டர்களை ஒத்திசைத்தல்

இரண்டு ஸ்லைடுகளும் ஒரே கணத்தில் எழ வேண்டும்; ஒரே உயரத்தில் நிற்க வேண்டும். முதலில் ஐட்லிங் திருகுகளைத் தளர்த்தி, கேபிளிலும் தளர்வு கொடுத்து, இரு ஸ்லைடுகளையும் முழுக்கக் கீழே அமரவிடுங்கள். துளையிடும் பிட்டின் வழவழப்பான தண்டு ஒன்றை ஸ்லைடின் அடியில் வைத்து, அது இலேசாகப் பிடித்து நிற்கும் அளவுக்கு இரு பக்கத்திலும் ஐட்லிங் திருகைத் திருகினால் தொடக்க உயரம் சமமாகிவிடும். பிறகு இரு ஸ்லைடுகளின் மீதும் ஒவ்வொரு விரலை வைத்துக்கொண்டு, இன்னொருவரை த்ராட்டிலை மிக மெதுவாக அழுத்தச் சொல்லுங்கள். கண்ணுக்குத் தெரியாத முந்துதல் விரலுக்குத் தெரிந்துவிடும். முந்தும் பக்கத்தின் கேபிள் சரிப்படுத்தியைத் தளர்த்துங்கள். முழுத் திறப்பில் இரு ஸ்லைடுகளும் காற்றுப்பாதையை விட்டு முற்றிலும் விலகியிருக்க வேண்டும்.

கேபிளில் கையேடு சொல்லும் அளவு சிறு தளர்வு இருக்கட்டும். ஹேண்டிலை இரு பக்கமும் கடைசி வரை திருப்பும்போது ஐட்லிங் ஏறக் கூடாது. அதே வேளையில் தளர்வு மிகுந்துவிட்டாலும் தொல்லைதான்: யமஹா, போலாரிஸ் போன்ற வண்டிகளில், த்ராட்டில் சிக்கிக்கொண்டால் எஞ்சினைக் கட்டுப்படுத்தும் பாதுகாப்பு சுவிட்ச் இருக்கிறது; கேபிள் தொய்ந்திருந்தால் அது காரணமின்றிக் குறுக்கிடும். அதை எரிபொருள் பழுது என்று நினைத்துக் கார்புரேட்டரை மூன்று முறை கழற்றியவர்கள் உண்டு.

இந்த வேலை முடிந்ததும் ஆயில் பம்பைப் பார்க்காமல் எஞ்சினை இயக்காதீர்கள். தனி ஆயில் டேங்க் உள்ள வண்டிகளில் ஆயில் பம்பின் நெம்புகோலும் த்ராட்டில் கேபிளோடு இணைந்தே இயங்குகிறது. கார்புரேட்டர் கேபிளைத் திருத்தினால் அதன் அடையாளக் கோடுகள் விலகிவிடக்கூடும். மசகு குறைந்தால் மிக அழகாக டியூன் செய்த எஞ்சினும் சீஸ் ஆகிவிடும்.

டியூனிங்

கார்புரேட்டருக்குக் காற்று வரும் பெட்டியான ஏர் பாக்ஸைப் பொருத்திய நிலையில்தான் டியூனிங் செய்ய வேண்டும். ஸ்னோமொபைலின் ஜெட் எண்கள் அந்தப் பெட்டி தரும் காற்றுத் தடையைக் கணக்கிட்டே தீர்மானிக்கப்பட்டவை. அதை எடுத்துவிட்டு ஓட்டினால் கலவை ஆபத்தான அளவு லீனாகும். ஒரு நேரத்தில் ஒரே ஒரு மாற்றம்தான் செய்ய வேண்டும்.

எஞ்சின் நன்கு சூடான பிறகு, இரு ஏர் ஸ்க்ரூக்களையும் தொட்ட நிலையிலிருந்து ஒன்றரைச் சுற்று வெளியே வையுங்கள். எஞ்சின் ஓடும்போது கால் கால் சுற்றாக, இரு பக்கமும் ஒரே அளவு மாற்றி, சுற்று எண்ணிக்கை அதிகமாகும் இடத்தைக் கண்டுபிடியுங்கள். இந்தத் திருகு காற்றைக் கட்டுப்படுத்துவதால் உள்ளே திருகினால் ரிச், வெளியே திருகினால் லீன். பிறகு ஐட்லிங் திருகால் வேகத்தைக் கையேட்டின் அளவுக்கு இறக்குங்கள். நல்ல இடம் ஒரு சுற்றுக்கும் உள்ளே வந்தால் பைலட் ஜெட் சிறிது. இரண்டரைச் சுற்றுக்கு மேல் போனால் பெரிது. பைலட் ஜெட்டுகள் பொதுவாக ஐந்து ஐந்தாக ஏறும் எண்களில் கிடைக்கும்.

அடுத்து நீடிலைத் தொடாமல் மெயின் ஜெட்டுக்குப் போவதே என் வழக்கம், ஏனென்றால் எஞ்சின் அழிவது முழுத் திறப்பில்தான். கையேட்டின் அட்டவணை சொல்வதைவிட ஓர் எண் பெரிய ஜெட்டில் தொடங்குங்கள். இறுகிய பனியில், ஆளரவமற்ற நேர்பாதையில், முழுத் திறப்பில் சில நூறு மீட்டர் ஓட்டி, நெம்புகோலை விடாமலே நிறுத்தும் சுவிட்சை அழுத்தி, வண்டி நின்றதும் பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். பீங்கானின் நுனியைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். ஆழத்தில், பீங்கான் உலோகத்தோடு சேரும் அடியில் உள்ள வளையம் இளம்பழுப்பாக இருக்க வேண்டும். வெள்ளையாகவோ கொப்புளங்களோடோ இருந்தால் உடனே பெரிய ஜெட் போட வேண்டும். பிளக் துளை வழியே விளக்கடித்துப் பிஸ்டன் தலையைப் பார்ப்பது இன்னும் நம்பகமானது: புதுக் கலவை வந்து மோதும் ஓரங்களில் கரி படியாத சிறு தூய இடங்கள் தெரியும். அவை அறவே இல்லையென்றால் லீன்; பிஸ்டனின் பெரும்பகுதியைப் பிடித்துக்கொண்டிருந்தால் ரிச்.

கடைசியாக நீடில். அரைத் திறப்பில் ஒரே சீராக ஓட்டிப் பாருங்கள். விட்டு விட்டு வெடிப்பதுபோல் தடதடத்துப் புகைந்தால் ரிச். கிளிப்பை ஒரு பள்ளம் மேலே மாற்றினால் நீடில் தாழ்ந்து கலவை குறையும். வண்டி அமுங்கி, இழுவை இல்லாமல் போனால், ஓடும்போதே சோக்கைச் சிறிது இழுத்துப் பாருங்கள்: தேறினால் கலவை லீன், மோசமானால் ரிச். கிளிப்பைக் கீழ்ப் பள்ளத்துக்கு இறக்கினால் நீடில் உயர்ந்து பெட்ரோல் கூடும். பிறகு ஏர் ஸ்க்ரூவை மீண்டும் ஒருமுறை சரிபாருங்கள்.

கிளம்பும்போது மட்டும் தயங்கும் வண்டியில், கிளட்ச் பிடிக்கும் சுற்று எண்ணிக்கை தாழ்ந்திருக்கிறதா, பெல்ட் தேய்ந்திருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். தேய்ந்த பெல்ட்டின் குறையைப் பைலட் ஜெட்டால் ஈடுசெய்ய முடியாது.

குளிரும் உயரமும்

காற்றின் அடர்த்தி மாறினால் தேவையான பெட்ரோலும் மாறும். 0 டிகிரி செல்சியஸில் இருப்பதைவிட மைனஸ் 30 டிகிரியில் காற்று சுமார் 12 சதவீதம் அடர்த்தி கூடியது. மிதமான நாளில் மிகச் சரியாக அமைத்த மெயின் ஜெட், கடுங்குளிர் காலையில் பிஸ்டனை உருக்கிவிடக்கூடும் என்பது இதனால்தான். கடல்மட்டத்திலிருந்து 3000 மீட்டர் உயரத்தில் அடர்த்தி கால் பங்கு அளவுக்குக் குறைகிறது. அங்கே சிறிய ஜெட் வேண்டும். மலையிலிருந்து திரும்பியதும் பெரிய ஜெட்டைப் போட மறந்தவரின் எஞ்சின் நெடுநாள் நிலைக்காது. வெப்பநிலையையும் உயரத்தையும் கட்டங்களாகப் பிரித்து மெயின் ஜெட் எண்ணைச் சொல்லும் அட்டவணை கையேட்டில் இருக்கும். பல வண்டிகளில் எஞ்சின் மூடியின் உட்புறத்திலும் ஒட்டியிருக்கும். 10 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல், அதே காற்றுக்கு ஏறத்தாழ 4 சதவீதம் கூடுதல் எரிபொருளைக் கேட்கும் என்பதையும் கணக்கில் சேருங்கள்.

அறிகுறியிலிருந்து காரணத்துக்கு

சோக் இழுத்தால் ஓடி, தள்ளியதும் அணைந்தால் பைலட் பாதை அடைத்திருக்கிறது. சோக்கைத் தள்ளிய பின்னும் புகைந்து பிளக் கறுத்துக்கொண்டே இருந்தால், பிளஞ்சர் முழுதாக அமரவில்லை. அதன் கேபிளில் ஒன்றிரண்டு மி.மீ. தளர்வு இருக்கிறதா, கேபிள் உறைந்துவிட்டதா என்று பாருங்கள்.

மிதவைத் தொட்டியின் காற்றுக் குழாய் வழியே பெட்ரோல் வழிந்தால் ஊசி வால்வில் தூசி அல்லது தேய்மானம். இதைத் தள்ளிப்போடாதீர்கள், வழியும் பெட்ரோல் எஞ்சினுக்குள் இறங்கிக் கிராங்க் அறையை நிரப்பிவிடும். அந்த நிலையில் கயிற்றை வலுக்கட்டாயமாக இழுத்தால் உள்ளே பாகங்கள் வளையும்.

முழு வேகத்தில் சில நொடிகள் நன்றாகப் போய்ப் பிறகு அடங்கினால், தொட்டி காலியாகும் வேகத்துக்குப் பெட்ரோல் வந்து சேரவில்லை: வடிகட்டி, பம்ப், டேங்கின் காற்றுத் துளை, டேங்குக்குள் உள்ள உறிஞ்சுகுழாய் என்ற வரிசையில் தேடுங்கள். மிதவைத் தொட்டியின் காற்றுக் குழாய் மடிந்தோ பனி அடைத்தோ இருந்தாலும் இதே போன்ற திணறல் வரும்.

உறைநிலைக்கு அருகே ஈரப்பதம் மிகுந்த நாள்களில், காற்றுப்பாதையில் பனிக்கட்டி படிந்து ஸ்லைடு சிக்கக்கூடும். ஒவ்வொரு முறை கிளப்பும் முன்பும் த்ராட்டில் நெம்புகோலை அழுத்தி விட்டு, அது சட்டெனத் திரும்புகிறதா என்று பாருங்கள். ஓட்டுபவர் விழுந்தால் எஞ்சினை அணைக்கும் இழுகயிற்று சுவிட்ச் இருந்தால் அதை உடையில் மாட்டிக்கொள்ளாமல் ஏறாதீர்கள்.

பனிக்காலம் முடிந்ததும்

எத்தனால் கலந்த பெட்ரோல் மிதவைத் தொட்டியிலேயே தங்கினால், அடுத்த பனிக்காலத்தில் மேலே சொன்ன எல்லாவற்றையும் முதலிலிருந்து செய்ய வேண்டியிருக்கும். டேங்கில் நிலைப்படுத்தும் திரவம் கலந்து சில நிமிடங்கள் ஓட்டி, பிறகு தொட்டிகளின் அடியில் உள்ள போல்ட்டைக் கழற்றி இரண்டையும் வடித்துவிடுங்கள். வடித்ததை ஒரு கண்ணாடிக் குவளையில் சிறிது நேரம் வைத்துப் பாருங்கள். அடியில் தண்ணீர்த் திவலைகள் தனியே பிரிந்து நின்றால், டேங்கையும் அப்போதே காலி செய்து உலர்த்த வேண்டும். ஜெட் எண்கள், கிளிப் இருக்கும் பள்ளம், ஏர் ஸ்க்ரூவின் சுற்று, டியூன் செய்த நாளின் வெப்பநிலை ஆகிய நான்கையும் ஓர் அட்டையில் எழுதி, எஞ்சின் மூடியின் உட்புறத்தில் ஒட்டிவிடுங்கள்.